புருஷன் அழுதானா?

ஸ்டேஷன் ரைட்டர் என்றால் போலீஸ் சம்பந்தம் இல்லாதவர்கள் ஏதோ கதை எழுதுகிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். புகாரை வாங்கி எழுதுவது, எஃப்.ஐ.ஆர். போடுவது, கேஸ் கட்டைக் கோர்த்துக் கோர்ட்டுக்கு அனுப்புவது, யாருக்கு எங்கே டூட்டி என்று ஜெனரல் டைரியில் பதிவது எல்லாம் அந்த ஏட்டின் வேலை. இன்ஸ்பெக்டர் மாறுவார், எஸ்.ஐ. மாறுவார், ரைட்டர் மேஜை மட்டும் அதே ஜன்னலோரத்தில் கிடக்கும். என் சர்வீஸில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட மேஜைகளுக்குப் பின்னால்தான் கழிந்தது. காவிரிக்கரை மாவட்டங்கள். ஊர்ப்பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

அந்த மேஜைக்கு வரும் புகார்களில் ‘உமன் மிஸ்ஸிங்’ தனி ரகம். திருட்டுக்குச் செக்ஷன் உண்டு, அடிதடிக்கு உண்டு. வயது வந்த ஒரு பெண் வீட்டை விட்டுப் போவது குற்றமே கிடையாது. அதனால் எஃப்.ஐ.ஆரில் செக்ஷன் போட வேண்டிய கட்டத்தில் ‘உமன் மிஸ்ஸிங்’ என்றே எழுதுவோம். 18 வயது நிரம்பவில்லை என்றால் ‘கேர்ள் மிஸ்ஸிங்’. அது நாளைக்கு என்னவாகும் என்று எழுதுகிறவனுக்கும் தெரியாது, எழுதச் சொல்கிறவனுக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்து, கேஸ் ‘ஆக்‌ஷன் டிராப்’ ஆகலாம். செக்ஷனை 302, 201 என்று மாற்றி ஆல்டரேஷன் ரிப்போர்ட் எழுத வேண்டியும் வரலாம். (2024 ஜூலை 1 முதல் இந்த எண்களெல்லாம் போய்விட்டன, கொலைக்கு இப்போது 103. என் வாயில் பழைய நம்பர்தான் வருகிறது. ஊரிலும் 302 என்றால்தான் இன்னும் ஆட்களுக்குப் புரிகிறது.)

புகார் கொடுக்க வருகிறவன் பெரும்பாலும் புருஷன். கூட அவன் அம்மா இருப்பாள், அல்லது பெண்ணின் அண்ணன் தம்பிகள் அவனைத் தனியே விட மனமில்லாமல் வந்திருப்பார்கள். பெஞ்சில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பெயர், வயது, உயரம், நிறம், முகவாக்கு, கட்டியிருந்த துணி, போட்டிருந்த நகை, மச்சம், தழும்பு. அந்த இடத்தில்தான் புருஷன்கள் மாட்டிக்கொள்வார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆன ஆள், “உயரம் எவ்வளவு?” என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான். அடி, அங்குலம் என்று கேட்பதில் பிரயோஜனமில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. “எழுந்து நில்லுங்க. உங்க தோளுக்கு வருவாங்களா, காதுக்கு வருவாங்களா?” என்று கேட்பேன். கையைக் காதுப்பக்கம் கொண்டுபோய், கொஞ்சம் இறக்கி, மறுபடி ஏற்றி, ஒரு இடத்தில் நிறுத்துவான். அதை அளந்து எழுதிக்கொள்வேன்.

“என்ன புடவை?”

“நீலம் மாதிரி ஏதோ… நான் கவனிக்கலைங்க ஐயா.”

உடனே பின்னாலிருந்து மச்சினன் குரல் வரும். “பொண்டாட்டி என்ன புடவை கட்டியிருந்தான்னுகூடத் தெரியாதா? வீட்டுலதானே இருந்தே?” இந்தக் கேள்வி ஸ்டேஷன் படியிறங்கி எதிர் டீக்கடைக்குப் போவதற்கு அரைமணி நேரம் போதும். சாயங்காலத்துக்குள் ஊரே கேட்கும்.

எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. வருஷக்கணக்கில் கேட்டு எழுதியவன் சொல்கிறேன், ஆண்கள் தங்கள் மனைவியைப் பார்ப்பதில்லை. போட்டோ கொண்டுவரச் சொன்னால் கல்யாண ஆல்பத்திலிருந்து உருவியது வரும், நெற்றிச்சுட்டியும் ஜடைப்பூவுமாக, இருபது வயசு முகம். காணாமல் போயிருப்பது நாற்பது வயசுப் பெண். செல்போன் வந்த பிறகு வேறு தொல்லை, ஃபில்டர் போட்டு வெளுப்பாக்கிய முகம். கடைசியில் ஸ்மார்ட் கார்டு படத்தையோ ஆதார் படத்தையோதான் நோட்டீஸில் போடுவோம். அந்தப் படத்தில் எல்லாப் பெண்களும் ஒரே ஜாடையாக இருப்பார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒருவர் வந்தார். உயரம் ஐந்தடி ஒன்று என்றார். புடவை மிளகாய்ப்பழச் சிவப்பு, பச்சை பார்டர், ஜாக்கெட் அதே பச்சை, கையில் இரண்டு வரி பைப்பிங், முதுகுப்பக்கம் மூன்று கொக்கி, லைனிங் வெள்ளை என்று கேட்காமலேயே சொல்லிக்கொண்டு போனார். புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். “ஏட்டய்யா, இவ்வளவு விவரமா எவனும் சொல்ல மாட்டான். உட்கார வெச்சு விசாரிங்க.” விசாரிப்பதற்கு ஒன்றும் இல்லை, அவர் கழுத்தில் இஞ்ச் டேப்பின் தடம் இருந்தது. டெய்லர். மனைவியின் ஜாக்கெட்டைத் தைத்தவரே அவர்தான். அந்தம்மா மறுநாள் மன்னார்குடிப் பக்கம் ஒரு உறவினர் வீட்டில் கிடைத்தார். கோபித்துக்கொண்டு போனது.

ஆக, தெரியவில்லை என்றாலும் சந்தேகம், தெரிந்தாலும் சந்தேகம். அழவில்லை என்றால் கல்நெஞ்சன், அழுதால் நடிக்கிறான். சாப்பிட்டால் “சோறு இறங்குது பாரு,” சாப்பிடாவிட்டால் “பயத்துல இறங்கலை.” சவரம் செய்தானா, வேலைக்குப் போனானா, டி.வி. ஓடியதா, எல்லாவற்றுக்கும் தெருவில் கணக்கு இருந்தது.

காலதாமதம் பற்றியும் சொல்ல வேண்டும். “பொண்டாட்டி போய் மூணு நாளாச்சு, இன்னிக்குத்தான் ஸ்டேஷனுக்கு வர்றான்” என்பது நான் அதிகம் கேட்ட குற்றச்சாட்டு. வெளியே இருந்து பார்த்தால் சந்தேகப்படும்படிதான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு. முதல் நாள் மாமியார் வீட்டுக்குப் போன் போடுவான், நேராகக் கேட்க மாட்டான், “அங்க ஏதும் விசேஷமா?” என்று சுற்றிவளைத்துக் கேட்பான். இரண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், ஜி.ஹெச். மூன்றாம் நாள் யாராவது ஒரு பெரியவர் மை போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார். வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிற ஆள் ‘வடக்குத் திசை, ஆள் உயிரோடுதான்’ என்பார். போலீஸுக்குப் போனால் பத்திரிகையில் வரும், யாரோடு போனாள் என்று கேட்பார்கள், பெண்பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது இது முன்னால் வந்து நிற்கும். கொன்றுவிட்டுத் தாமதிக்கிறவனும் மானத்துக்குப் பயந்து தாமதிக்கிறவனும் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், தலை கவிழ்ந்து.

இதையெல்லாம் சொல்வதால் புருஷனைச் சந்தேகிக்கவே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸ் வேலையில் முதல் சந்தேகம் வீட்டுக்குள்தான். அது தப்பும் இல்லை. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2023-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கில், உலகம் முழுக்கக் கொலையான சுமார் 85,000 பெண்களில் ஏறக்குறைய 51,100 பேரைக் கொன்றது கணவனோ, துணையோ, குடும்பத்து ஆளோதான். நம் ஊர் சட்டமே கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் சந்தேகமாகச் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வேண்டும் என்று வைத்திருக்கிறது. அந்த அனுபவம் சும்மா வந்ததில்லை. தமிழ்நாட்டில் 1992-ல் மகளிர் காவல் நிலையம் வந்த பிறகு எங்களுக்கு ஒரு நல்ல வழி கிடைத்தது. ‘உமன் மிஸ்ஸிங்’ எழுதியதும் முதல் வேலையாக அங்கே போன் போட்டு, இந்தப் பெயரில் முன்னால் மனு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். அடித்தான், விரட்டினான் என்று இரண்டு மனு ரசீது இருந்தால் அந்தப் புகாரின் கனமே வேறு. அவன் ஸ்டேஷனில் அழுதானா இல்லையா என்பதைவிட அந்த இரண்டு ரசீது பெரிசு.

நன்றாக அழுத ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். மனைவி காணவில்லை என்று வந்தவன் பேசவே முடியாமல் தேம்பினான். நோட்டீஸ் அவனே அடித்தான், பஸ் ஸ்டாண்டில் அவனே ஒட்டினான். வாய்க்கால் கரையில் தேடப் போன இளவட்டங்களுக்கு டீ, வடை அவன் செலவு. பெண்ணின் அம்மா, “என் மாப்பிள்ளை சாப்பிடாமக் கிடக்கான், அவனுக்கு ஏதும் ஆயிடப்போகுது” என்று என்னிடமே சொன்னார். ஊரும் அவன் பக்கம். சி.டி.ஆர். வந்தது. சி.டி.ஆர். என்றால் போன் கம்பெனி தரும் அழைப்புப் பட்டியல். அதைப் படிப்பது அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, கண் பூத்துப்போகும். அதில் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. மனைவி காணாமல் போனதாகச் சொன்ன நாளிலிருந்து அவன் யார் யாருக்கோ போன் போட்டிருக்கிறான், அவள் நம்பருக்கு ஒரு தடவைகூடப் போடவில்லை. அம்மா போட்டிருக்கிறார், தங்கச்சி விடாமல் போட்டிருக்கிறாள், மளிகைக் கடைக்காரர்கூட பாக்கிக்காகப் போட்டிருக்கிறார். எடுக்க ஆள் இல்லை என்று தெரிந்தவன் ஒருவன்தான் போடவில்லை. அதற்குப் பிறகு கேள்விகள் வேறு மாதிரி போயின. அவன் காட்டிய இடத்தில் உடல் கிடைத்தது.

இதை நான் சொன்னதும் கேட்பவர்கள் ‘ஆஹா, அதுதான் அடையாளம்’ என்று பிடித்துக்கொள்வார்கள். பிடிக்கக் கூடாது. வேறொரு கேஸில் புருஷன் அதே மாதிரி ஒரு தடவைகூடப் போன் போடவில்லை. காரணம், அவள் போன் வீட்டு பீரோவில் இருந்தது, அது அவனுக்குத் தெரியும். சி.டி.ஆர். ஒரு கேள்வியைத்தான் கொடுக்கும், பதிலை விசாரித்துத்தான் எடுக்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் தெருவைவிட நிதானமாக இருக்கிறது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒருவன் நடந்துகொண்ட விதத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அது கொடுக்கிற உதாரணங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். சாவுக்கு முன்னால் விஷம் வாங்கி வைத்தான், தடயத்தை மறைத்தான், ஓடிப்போனான், இப்படித்தான் வரும். எல்லாமே கையும் காலும் செய்த காரியம். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதிய சட்டத்தில் இது 6-ஆவது பிரிவு, சரக்கு அதேதான். நான் ரைட்டராக இருந்த ஸ்டேஷன்களில் இளம் போலீஸ்காரர்கள் விசாரணைக் குறிப்பில் ‘மனைவியைக் காணாததற்கு வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அடித்துவிட்டு, ‘அன்று மாலை 4 முதல் 7 வரை எங்கே இருந்தான்’ என்று எழுதிவாருங்கள் என்பேன்.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு அகதா கிறிஸ்டி கதையைப் படித்ததும் போயிற்று. கதை என்றால் அவர் எழுதியது இல்லை, அவருக்கே நடந்தது. 1926 டிசம்பர் 3 இரவு இங்கிலாந்தில் சன்னிங்டேல் வீட்டிலிருந்து காரில் கிளம்பிப் போனார். மறுநாள் சர்ரே மாவட்டத்தில் நியூலேண்ட்ஸ் கார்னர் என்ற இடத்தில் கார் மட்டும் நின்றது, உள்ளே கோட்டும் பழைய லைசென்ஸும். கணவர் ஆர்ச்சி கிறிஸ்டிக்கு நான்சி நீல் என்ற பெண்ணோடு தொடர்பு, விவாகரத்து வேண்டும் என்று கேட்டிருந்தார், அந்த வாரக் கடைசியில் அவளும் இருந்த நண்பர் வீட்டில்தான் தங்கியிருந்தார். போதாதா? சர்ரே போலீஸில் துணைத் தலைமை அதிகாரி கென்வர்டு, அந்தம்மா செத்துவிட்டார் என்றே நம்பித் தேடினார். ஆயிரக்கணக்கில் ஜனம் காட்டை அலசியது, குளத்தில் வலை போட்டார்கள். ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயிலே அகதாவின் கையுறையை வாங்கி ஆவியோடு பேசுகிறவரிடம் கொடுத்தார். எங்கள் ஊர் வெற்றிலை மைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஆர்ச்சி, பத்திரிகைக்காரர்களிடம், தன் மனைவி வேண்டுமென்றே மறைந்துபோகலாம் என்று முன்பு பேசியதுண்டு என்று சொன்னார். அதுவும் அவருக்கு எதிராகவே திரும்பியது. கடைசியில் டிசம்பர் 14-ஆம் தேதி ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் அந்தம்மா கிடைத்தார். அங்கே வாத்தியக் குழுவில் இருந்தவர்கள்தான் அடையாளம் கண்டுகொண்டார்கள். பதிவேட்டில் அவர் கொடுத்திருந்த பெயர் திருமதி நீல். கணவன் தொடர்பு வைத்திருந்தவளின் குடும்பப் பெயர்! ஆர்ச்சி நல்ல புருஷன் இல்லை என்பதில் ஊர் சொன்னது சரி. கொலைகாரன் என்று சொன்னது தப்பு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத்தான் தெரு ஒரே எட்டில் தாண்டிவிடும். அவர் பெரிய இடத்து ஆள், ராணுவ கர்னல், கைதாகாமல் தப்பித்தார்.

குடகு மாவட்டத்துக் கூலித் தொழிலாளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்குப் பக்கத்து மாநிலம், சமீபத்தில் முடிந்த விஷயம். குஷால்நகர் பக்கத்துப் பழங்குடி ஆள். 2020 கடைசியில் மனைவியைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார். கொடுத்தது அவரேதான், அதைக் கவனிக்க வேண்டும். மைசூர் மாவட்டத்தில் பெட்டதபுரம் போலீஸ் எல்லையில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்திருந்தது. அது இவர் மனைவிதான், நடத்தைச் சந்தேகத்தில் இவரே கொன்றார் என்று கேஸ் எழுதப்பட்டது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் சிறை. டி.என்.ஏ. பரிசோதனையில் எலும்புக்கூடு அந்தப் பெண்ணுடையது இல்லை என்று வந்தது, வந்தும் வழக்கு உடனே செத்துவிடவில்லை. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் மடிக்கேரியில் ஒரு ஹோட்டலில் அந்தப் பெண் வேறொருவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கணவருடைய நண்பர்கள் பார்த்தார்கள். போலீஸுக்குச் சொல்லி, கோர்ட்டில் நிறுத்தினார்கள். மைசூர் செஷன்ஸ் கோர்ட் அந்த மாதமே அவரை விடுதலை செய்தது. அரசு ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

வடக்கே பிருந்தாவனத்தில் இதே கதை 2015-ல் தொடங்கியது. கால்வாயில் கிடைத்த உடலைப் பெண்ணின் தகப்பனாரே தன் மகள் என்று அடையாளம் காட்டினார். கணவரும் அவர் நண்பரும் உள்ளே போனார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பெண் ராஜஸ்தானில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

இது எப்படி நடக்கிறது என்று பத்திரிகை படிக்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ரைட்டர் மேஜையில் இருந்தவனுக்கு ஆச்சரியம் குறைவு. ஒரு பக்கம் ‘உமன் மிஸ்ஸிங்’ ஃபைல் திறந்தே கிடக்கிறது. பெண் வீட்டார் ஆட்கொணர்வு மனு போட்டிருப்பார்கள், மதுரைக் கிளையில் வாய்தாவுக்கு வாய்தா இன்ஸ்பெக்டர் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். இன்னொரு பக்கம், வேறு ஏதோ ஸ்டேஷனில் ‘அடையாளம் தெரியாத பெண் பிணம்’ என்று ஒரு ஃபைல், அதற்கும் மாதாமாதம் மேலே பதில் எழுத வேண்டும். இரண்டு ஃபைலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். வயது சுமாராக ஒத்துப்போகிறது, உயரம் ஒத்துப்போகிறது (காதுக்குக் கீழே கை வைத்து அளந்த உயரம்!), ஊர் வேறு ‘அவன்தான்’ என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்கு மண்டையோட்டை அனுப்பி, போட்டோவோடு பொருத்திப் பார்க்கும் சூப்பர் இம்போஸிஷன் ரிப்போர்ட் வாங்கவோ, டி.என்.ஏ. ரிப்போர்ட் வாங்கவோ பொறுமை வேண்டும். பொறுமை இல்லாத இடத்தில் ஒப்புதல் வாக்குமூலம் வந்துவிடும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று சட்டம் 1872-லேயே எழுதிவைத்திருப்பது போலீஸை நன்றாகத் தெரிந்த ஆட்கள் எழுதியதால்தான். அவன் சொல்லி, அதனால் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் செல்லும். எலும்பு முன்னாலேயே கிடைத்துவிட்டு ஒப்புதல் பின்னால் வந்தால் அந்த ஒப்புதலுக்கு என்ன மரியாதை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிணம் கிடைக்காமலேயே கொலைக் குற்றத்தை நிரூபிக்க முடியும், 1981-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கிறது. அதுவும் இமாச்சலப் பிரதேசத்தில் மனைவி காணாமல் போய்ப் புருஷன் கூண்டில் நின்ற கேஸ்தான். பிணத்தைக் கரைத்துவிட்டவனெல்லாம் தப்பிவிட முடியாதபடி அது நல்ல சட்டம். ஆனால் அந்த வழியில் போகிறவன் மற்ற சாட்சியங்களை இரட்டிப்பாகச் சேர்க்க வேண்டும். வேறு யாருடைய எலும்பையாவது கொண்டுவந்து இடத்தை நிரப்பச் சொல்லி எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

என் ஸ்டேஷனில் நடந்த கொத்தனார் கேஸை இப்போது சொல்லலாம். மனைவியைக் காணவில்லை என்று அவர் புகார் கொடுத்தபோது அழவில்லை, அதிகம் பேசவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். “வீட்டுல ஏதாவது சண்டையா?” இல்லை. “யார் மேலயாவது சந்தேகம்?” இல்லை. “பணங்காசுப் பிரச்னை?” ஒரு நொடி தயங்கி, அதற்கும் இல்லை. அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன், அவரைக் கொண்டுவந்து விட்ட பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்தார். மகளிர் ஸ்டேஷனில் கேட்டேன், மனு எதுவும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து அவர் வேலைக்குப் போனார். தெரு கொதித்தது. அடுத்த வாரம் வீட்டுக் கொல்லையில் பாத்ரூமுக்குப் புதுத் தளம் போட்டார். மணலும் ஜல்லியும் முன்னமே வந்து கிடந்தன, போட்டு முடித்துவிட்டார். கொத்தனாருக்கு அது வேலை. தெருவுக்கு அது சமாதி. ராத்திரி ஒரு மணிக்குச் சட்டி கழுவுகிற சத்தம் கேட்டதாக ஒரு அம்மா சொன்னார். மண்வெட்டி சத்தம் என்று அடுத்தவர் சொன்னார். மூன்றாவது ஆள் சொல்லும்போது வாசனையும் சேர்ந்துவிட்டது. பெண்ணின் அண்ணன்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து மெயின் ரோட்டில் மறியல் செய்தார்கள். “அவனைத் தூக்கி உள்ள வைங்க, ரெண்டு தட்டுத் தட்டினா வந்துடும்” என்று தெருப் பெண்கள் என் மேஜைக்கு எதிரிலேயே நின்று சொன்னார்கள். எல்லாரும் அந்தம்மாவோடு தினம் வாசலில் உட்கார்ந்து பேசியவர்கள். எல்லாருக்கும் உண்மையான கோபம்.

தாசில்தார் வந்து முன்னால் நிற்க, தளத்தை உடைத்தோம். இடுப்பளவு தோண்டியும் செம்மண்தான். ‘அப்போ கிணத்துல பாருங்க’ என்றது கூட்டம். ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு மோட்டார் வைத்து இறைத்தார்கள், தீயணைப்புக்காரர்கள் இறங்கினார்கள். இரண்டு குடம், ஒரு சைக்கிள் ரிம், யாரோ நேர்ந்து போட்ட எலுமிச்சைகள். கொத்தனார் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உடைத்த தளத்தைத் திரும்பப் போடுவதற்கு சிமெண்ட் யார் தருவார்கள் என்று தாசில்தாரிடம் கேட்டார். அதையும் ‘திமிரு’ என்றார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அவருக்கு மூன்று மாதம் உள்ளூரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. பையன் பள்ளிக்கூடத்தை விட்டு அத்தை ஊருக்குப் போனான்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், அவசரப்படாதவர். மறியல் நடந்த அன்றும் “ஆதாரம் இருந்தா அரெஸ்ட், இல்லாட்டி இல்லை” என்று ரோட்டில் நின்றே சொன்னவர். அந்தம்மாவின் சின்னம்மா மகள் போனுக்குத் தீபாவளியன்று புதிய நம்பர் ஒன்றிலிருந்து ஒரு அழைப்பு வந்து, பேசாமலேயே நின்றிருந்தது. அந்த நம்பரைப் பிடித்துப் போனோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் உட்கார்ந்து துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். போலீஸைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “சீட்டுக்காரங்க வந்திருக்காங்களா?”

தெருப் பெண்களிடம் மாதாமாதம் வாங்கிச் சீட்டு நடத்தியிருக்கிறார். இரண்டு பேர் சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் ஓட, வட்டிக்கு வாங்கி அடைத்து, அதற்கும் வட்டி ஏறி, முடியாமல் கிளம்பிவிட்டார். புருஷனுக்குத் தெரியும். எங்கே போனாள் என்பது தெரியாது, ஏன் போனாள் என்பது தெரியும். அதைச் சொன்னால் மனைவிமேல் மோசடி கேஸ் வரும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தன்மேல் கொலைப்பழி வந்த பிறகும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் என்னிடம், “கொலைன்னா நிரூபிக்கணும்ல ஐயா. பண்ணலைன்னா ஒருநாள் தெரிஞ்சிடும். சீட்டுப்பணம் நெசம்தானே” என்றார்.

மாஜிஸ்திரேட் முன்னால் அந்தம்மா தன் விருப்பப்படியே போனதாகச் சொன்னார். கேஸை முடித்து, புகார்தாரருக்குக் கொடுக்க வேண்டிய நோட்டீஸை நான் எழுதிக் கொடுத்தேன். கொத்தனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சீல் இன்னும் கொஞ்சம் தெளிவாக விழும்படி குத்தித் தரச் சொன்னார். மறுநாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் கூட்டம். மண்வெட்டி சத்தம் கேட்டவர், வாசனை பிடித்தவர் எல்லாரும் சீட்டு நோட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். அவள் உயிரோடு இருப்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருவராகப் பெயர், முகவரி, கட்டிய தொகை கேட்டு எழுதிக்கொண்டு, மனு ரசீது போட்டுக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க நேரமில்லை.